ஹீட் பம்ப் பொருத்துமுன் ரேடியேட்டர்களை எல்லாம் மாற்ற வேண்டுமா?

இங்கிலாந்தில் பழைய வீடு, கேஸில் நீரைச் சூடாக்கும் பாய்லரை எடுத்துவிட்டு, வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் ஹீட் பம்ப் வைக்கப் போவதாகவும், சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களை மாற்ற வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் மாற்றத் தேவையிருக்காது. நல்ல குளிர் நாளில், ரேடியேட்டருக்குப் போகும் நீரின் சூட்டை பாய்லரில் 50 டிகிரிக்குக் குறைத்து நாள் முழுக்க ஓடவிடுங்கள். எந்த அறை குளிர்கிறதோ அங்கே மட்டும் பெரிய ரேடியேட்டர். ஹீட் பம்ப் பாய்லரைவிடக் குறைந்த சூட்டில்தான் நீரை அனுப்பும்; ஒரு ரேடியேட்டர் 70 டிகிரி நீரில் தரும் வெப்பத்தில் பாதிகூட 45 டிகிரி நீரில் தேறாது என்பதுதான் காரணம்.

குழாயையும் பாருங்கள். சுண்டுவிரலைவிட மெல்லிய 8, 10 மி.மீ. செப்புக் குழாய் என்றால் மாற்ற நேரலாம். ஹீட் பம்ப் கேட்கும் நீரோட்டத்துக்கு அது திணறலாம்.

வெப்பம் தப்பாமலிருக்க, கூரைக்கடியில் 270 மி.மீ. தடிமனுக்குக் கண்ணாடிப் பஞ்சு பரப்புவது முதல் வேலை. குழாய் திறந்ததும் நீரைச் சூடாக்கித் தரும் காம்பி பாய்லர் உள்ள வீட்டில் சுடுநீர்த் தொட்டி இருக்காது; ஹீட் பம்புக்கு அது தேவை, அதை வைக்க ஓர் அலமாரியை ஒழித்து வையுங்கள். அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிடாத ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.