டைனோசர் பிடிக்கும், சத்தம்தான் ஆகாது

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, ஆட்டிசம் உள்ளவன். டைனோசர் என்றால் உயிர். ஆனால் திடீர்ச் சத்தம், கண்கூசும் விளக்கு, கூட்டம் எதையும் தாங்க மாட்டான். காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். விடுமுறையில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போக ஆசை. “நாலு இடத்துக்குக் கூட்டிப் போனால் தானாகப் பழகிடும்” என்கிறார் மாமியார். எப்படித் தயார்ப்படுத்துவது?

பதில்: மாமியார் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் இது பழக்கம் போதாமல் வருவதல்ல. கொஞ்ச நேரத்தில் நம் காதுக்குப் பழகிப்போகும் இரைச்சல் அவனுக்கு அப்படியே கேட்டுக்கொண்டிருக்கும். ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் புலன் உணர்வின் மிகுதியையும் குறைவையும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-லேயே சேர்த்துவிட்டது. அதனால் யாராவது அடம் என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவன் திடுக்கிடக்கூடிய விஷயங்களை முன்கூட்டியே குறைப்பதுதான் நம் வேலை.

முதலில் நீங்கள் மட்டும் ஒருமுறை போய் வாருங்கள். கண்ணைவிடக் காதுக்குத்தான் அன்றைக்கு வேலை. உயரமான கூரையும் கல் தரையும் உள்ள கூடத்தில் பள்ளிப் பிள்ளைகள் நுழைந்தால் எப்படி எதிரொலிக்கிறது? பக்கத்தில் போனதும் சென்சார் வேலை செய்து உறுமும் பொம்மை டைனோசர் இருக்கிறதா? பழைய துணி, காகிதம் இருக்கும் அறைகளில் சாயம் மங்காமல் இருக்க 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மங்கலாகத்தான் வெளிச்சம் வைப்பார்கள். வெயிலிலிருந்து நேரே உள்ளே போனால் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. வாசலிலேயே நின்று பழகவிடலாம்.

கழிப்பறையை மறந்துவிடாதீர்கள். பலருக்குப் பயணம் கெடுவதே அங்கேதான். ஹேண்ட் டிரையர் பெரும்பாலும் பிள்ளைகளின் காது உயரத்தில் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவர் கையை நீட்டியதும் அலறும். பையில் ஒரு சின்னத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போவதற்கு முன்பே காது மூடியை மாட்டிவிடுங்கள்.

காது மூடி என்றதும் இன்னொன்று. இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போன்கள் ஏசி மாதிரி ஒரே சீராக வரும் சத்தத்தை நன்றாக அடக்கும். திடீர் அலறலுக்கு அவ்வளவு கை கொடுக்காது. அதற்குக் காதை இறுக்கி மூடும் சாதாரண இயர் மஃப்தான் மேல். எதுவானாலும் வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடட்டும். அன்றைக்குத்தான் புதிதாக மாட்டினால் அந்த அழுத்தமே தொல்லையாகிவிடும்.

தனியாகப் போகும்போது வாசல், டிக்கெட் கவுன்ட்டர், டைனோசர் கூடம், உட்காரும் இடம், வெளியே போகும் வழி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒரு சின்னப் புத்தகமாக்குங்கள். கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘சமூகக் கதை’ முறை இது. “அங்கே சத்தம் வரலாம். வந்தால் நான் காது மூடியைப் போட்டுக்கொள்ளலாம்” என்ற மாதிரி எழுதுங்கள். ‘அழக் கூடாது’ போன்ற கட்டளை வேண்டாம். ‘கூட்டமே இருக்காது’ என்ற வாக்குறுதி அதைவிட வேண்டாம். போனதும் கூட்டம் இருந்தால் புத்தகத்தில் மீதி இருப்பதையும் அவன் நம்ப மாட்டான்.

வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் போன்ற சில இடங்களில் சத்தமும் கூட்டமும் எங்கே அதிகம் என்று காட்டும் வரைபடமே கிடைக்கிறது. நீங்கள் போகும் இடத்திலும் போன் செய்து கேளுங்கள்: பள்ளிக் குழுக்கள் எப்போது வரும், உட்கார அமைதியான அறை உண்டா, வெளியே போய்விட்டு அதே டிக்கெட்டில் திரும்ப வரலாமா? முடிந்தால் வார நாளில், கதவு திறந்ததுமே போய்விடுங்கள்.

‘போதும்’ என்பதற்கு ஒரு சைகையோ அட்டையோ இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதை அவன் காட்டினால் உடனே கிளம்ப வேண்டும். “இன்னும் ஒரே ஒரு அறை, செல்லம்” என்று இழுத்தால் அடுத்த முறை அட்டையைத் தேட மாட்டான், நேரே தரையில் உட்கார்ந்துவிடுவான்.

முதல் தடவைக்கு டைனோசர் கூடம் மட்டும் போதும். ஒரே எலும்புக்கூட்டின் முன்னால் அரை மணி நேரம் நின்றால் நிற்கட்டும். டிக்கெட் காசு வீணாகிறதே என்று மற்ற மாடிகளுக்கு இழுக்காதீர்கள்.