கேள்வி–பதில்: முதல் ரக்பி ஒப்பந்தம்

கேள்வி: மகனுக்கு 18 வயது, மெட்ரிக் (பள்ளி இறுதி வகுப்பு) முடிக்கப் போகிறான். கிரேவன் வாரம் என்ற பள்ளி ரக்பிப் போட்டியில் அவன் ஹூக்கராக (முன்வரிசையின் நடுவில் நிற்பவர்) ஆடியதைப் பார்த்து ஒரு மாகாண அணி இரண்டு வருட ஜூனியர் ஒப்பந்தம் தருகிறது. கையெழுத்துப் போடலாமா?
— வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: போடலாம், ஆனால் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்த பிறகு. 'இன்றே வேண்டும்' என்று அவசரப்படுத்தினால் இன்னும் நிதானமாகப் படியுங்கள்.

மாதச் சம்பளம் எவ்வளவு, ஆட்டத்துக்கு ஆட்டம் வரும் தொகை எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். முதல் வருடம் சீனியர் அணியில் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்காமல் போகலாம். அதனால் இரண்டாவது தொகையைப் பூஜ்யமாக வைத்தே வீட்டுக் கணக்கைப் போடுங்கள்.

அடுத்தது காயம். முழங்காலில் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்தால், மறுபடி ஆட 9 மாதமாவது ஆகும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் அது பெரிய பங்கு. அந்தக் காலத்தில் முழுச் சம்பளம் எத்தனை மாதம் வரும், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) யார் கட்டுவது, ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொடரும் பிசியோவுக்கு யார் பொறுப்பு? இவை எழுத்தில் இருக்க வேண்டும். பயிற்சியாளர் வாய்வார்த்தையாகச் சொன்னது செல்லாது.

'நீட்டிக்கும் உரிமை' என்ற வரியையும் தேடுங்கள். அது அணிக்கு மட்டும் இருந்தால், பையன் நன்றாக ஆடினாலும் பழைய சம்பளத்திலேயே மூன்றாம் வருடமும் மாட்டிக்கொள்வான். ஏஜென்ட் இருந்தால், அவருடைய கமிஷன் எத்தனை சதவீதம், எதிலிருந்து பிடிப்பார் என்று கேளுங்கள். வீரர்களின் சங்கமான மைபிளேயர்ஸிடமும் விசாரிக்கலாம்.

படிப்பை விட வேண்டாம். 2008 முதல் பல்கலைக்கழக அணிகளுக்கான வார்சிட்டி கோப்பை இருப்பதால் பல்கலைக்கழகம் போனாலும் ஆட்டம் கைவிட்டுப் போகாது. முன்வரிசைக்காரர்கள் முதிர்வதே இருபதுகளின் நடுவில்தான். 19 வயதில் பெஞ்சில் உட்கார்ந்தால் பதற வேண்டியதில்லை.

ஹூக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது லைன்-அவுட் எறிதலை (கோட்டுக்கு வெளியே போன பந்தை மறுபடி உள்ளே எறிவதை) உன்னிப்பாகப் பார்ப்பார்கள். கோல் கம்பத்தில் மூன்றரை மீட்டர் உயரத்தில் டேப் ஒட்டி, 6, 10, 14 மீட்டர் தூரத்திலிருந்து எறிந்து பழகட்டும். ஓடிக் களைத்த பிறகும் எறிய வேண்டும், ஆட்டத்தில் அப்படித்தான் எறிய வேண்டியிருக்கும். பின்னால் இருக்கும் கை அதிகமாகத் தள்ளினால் பந்து பக்கவாட்டில் விலகும். எதிரணியும் பந்துக்குப் போட்டியிட்டிருந்தால், நேராகப் போகாத பந்துக்கு, மறுபடி லைன்-அவுட்டா ஸ்க்ரமா (இரு அணி முன்வீரர்களும் குனிந்து முட்டித் தள்ளுவது) என்று அது தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

கேள்வி: புரட்டாசி முழுக்க வீட்டில் சைவம்தான், முட்டையும் கிடையாது. 100 கிலோ எடையுள்ள பையனுக்குப் புரதம் போதுமா?
— வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: போதும், திட்டமிட்டால். கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் நாளைக்கு 160 கிராம் தேவை. உலர்ந்த சோயா சங்க்ஸ் 100 கிராமில் சுமார் 50 கிராம் புரதம், ஒரு லிட்டர் பாலில் 32, பனீர் 150 கிராமில் 27, சமைக்காத பருப்போ சுகர் பீன்ஸோ 100 கிராமில் 22. மீதியைச் சோறு, ரொட்டி, வேர்க்கடலை நிரப்பிவிடும். பயிற்சிக்கு முன் பீன்ஸ் கறி வேண்டாம், வயிறு உப்பி ஸ்க்ரமில் குனியவே முடியாது. அதை ராத்திரிக்கு வையுங்கள், பயிற்சி முடிந்ததும் பால்.

பவுடர் வாங்கினால் தடை செய்யப்பட்ட பொருள்களுக்காகச் சோதித்ததைக் காட்டும் 'இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்' முத்திரையையும் தொகுதி எண்ணையும் பார்த்து வாங்குங்கள். தடை செய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால், 'தெரியாது' என்று சொன்னாலும் பொறுப்பு வீரருடையதுதான்.

கேள்வி: தலையில் அடிபட்டவரை 12 நிமிடம் பரிசோதித்துத் திரும்ப அனுப்புவதை டிவியில் பார்க்கிறோம். பள்ளி ஆட்டத்திலும் அப்படிச் செய்யலாமா?
— வாசகர், லெனேசியா

பதில்: கூடாது. அது பயிற்சி பெற்ற மருத்துவரும் வீடியோவும் உள்ள, அனுமதி பெற்ற உயர்மட்டப் போட்டிகளுக்கு மட்டும். பள்ளியிலும் கிளப்பிலும் மூளை அதிர்ச்சியோ என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. பிறகு ஓய்வு, படிப்படியாகப் பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். மோதல் பயிற்சிக்கு முன் மருத்துவரின் அனுமதி வேண்டும். நடுவில் தலைவலி வந்தால் ஒரு படி இறங்க வேண்டும். மாத்திரை போட்டு அதை மறைத்தால், எந்தப் படியில் நிற்கிறான் என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும்.