பஸ் மாட் செய்தால் கேஸ் வருமா?

கேள்வி: யூரோ டிரக் சிமுலேட்டர் 2 கேமில் ஓட்ட, கரூர் – கோவை தனியார் பஸ் ஒன்றை மாடாக, அதாவது கேமோடு சேர்க்கும் கூடுதல் ஃபைலாகச் செய்திருக்கிறேனுங்க. பெயின்ட், கண்ணாடி ஸ்டிக்கர் எல்லாம் நானே வரைந்தது. பாடி மாடலை வேறொரு கேமிலிருந்து எடுத்தேன். கேம் கம்பெனி கேஸ் போடுமா? ஆளுக்கு 300 ரூபாய்க்கு விற்கலாமுங்களா?
– வாசகர், வெள்ளக்கோவில்

பதில்: மாட் செய்வதற்காக, அந்த கேமை உருவாக்கிய எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் உங்கள் மேல் பாயாது. பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் வேலை செய்யத் தேவையான கருவியை இலவசமாகத் தருவதே அவர்கள்தான். மாடைச் சேர்க்கவும் நீக்கவும் கேமுக்குள் மாட் மேனேஜரும் வைத்திருக்கிறார்கள். 2012-இல் வந்த கேம் இன்னும் விலைபோவதில் மாட் செய்பவர்களுக்கும் பங்குண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். ஹாஃப்-லைஃப் கேமின் மாடாக 1999-இல் கிளம்பிய கவுன்டர்-ஸ்ட்ரைக்கை, ஹாஃப்-லைஃபைச் செய்த வால்வு கம்பெனியே வாங்கி, அடுத்த ஆண்டே தனி கேமாக விற்றதே.

சிக்கல் அந்த பாடி மாடலில்தான். அது இன்னொரு கம்பெனியின் சொத்து. எஸ்சிஎஸ் நினைத்தாலும் உங்களுக்கு அனுமதி தர முடியாது. புகார் வந்தால், மாட்களைப் பகிரும் இடமான ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து மாடைத் தூக்கிவிடுவார்கள். ஜிடிஏ கேம் விஷயம் தெரிந்திருக்கும். அதற்கு மாட் செய்ய உதவும் ஓப்பன்ஐவி என்ற கருவிக்கு 2017-இல், கேமை வெளியிடும் டேக்-டூ நோட்டீஸ் விட்டு, ஆட்டக்காரர்கள் கொதித்ததும் இறங்கி வந்தது. அப்போதும் தனியாள் ஆட்டம், காசு வாங்கக் கூடாது, பிறர் சொத்தைத் தொடக் கூடாது என்றுதான் வரம்பு கட்டினார்கள். ஆன்லைனுக்கு விலக்கே இல்லை.

ஆகவே பாடியை நீங்களே கட்டுங்கள். பஸ் பாடிக்குப் பேர்போன கரூர் உங்களுக்குப் பக்கம்தானே! பட்டறையில் கேட்டுக்கொண்டு, நீளம், உயரம், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி மூன்றையும் டேப் வைத்து அளங்கள். பக்கவாட்டுப் படத்தைத் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். கிட்டே நின்று எடுத்தால் ஓரங்கள் வளைந்து, ஜன்னல் வரிசை கோணிக்கொள்ளும். பிளெண்டரில் ஒரு அலகு ஒரு மீட்டர். பஸ் பெயரைப் போட முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார். அந்த பஸ் பள்ளத்தில் உருளும் வீடியோவைப் பார்த்தால்தான் முகம் மாறும்.

விற்பனை வேண்டாம். கேமோடு வரும் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மைன்கிராஃப்ட்காரர்கள் மாடை விற்கக் கூடாதென்றே எழுதி வைத்திருக்கிறார்கள். 2015-இல் ஸ்கைரிம் கேமின் மாட்களுக்கு வால்வும், அந்த கேமின் கம்பெனியான பெதஸ்டாவும் சேர்ந்து விலை வைத்து, எதிர்ப்பில் சில நாளிலேயே கைவிட்டன. அதோடு, கேமுக்குப் புது வெர்ஷன் வரும்போது மாட் பழுதாகும். 300 ரூபாய் வாங்கியவர் ஒவ்வொரு முறையும் ராத்திரி பத்து மணிக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்.

வெளியிடுமுன் புது புரொஃபைல் ஒன்று திறந்து, மற்ற மாட்கள் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். மாட் மேனேஜரில் பெயரும் படமும் சரியாக வரவில்லையா? பெரும்பாலும் ஃபோல்டரையே ஜிப் செய்திருப்பீர்கள். உள்ளே இருப்பவற்றைத் தேர்ந்தெடுத்து ஜிப் செய்யுங்கள். மாடின் பெயர், விவரம் எழுதியிருக்கும் மேனிஃபெஸ்ட் ஃபைல் முதல் அடுக்கிலேயே இருக்க வேண்டும். டெக்ஸ்சர், அதாவது பாடியின் மேல் ஒட்டும் படத்தின் அளவு 2048, 4096 பிக்சல் என்றே இருக்கட்டும். கேம் நடுவில் நின்றுபோனால் டாக்குமென்ட்ஸில் கேமின் ஃபோல்டருக்குள் இருக்கும் லாக் ஃபைலைத் திறந்து, கடைசியில் 'எரர்' என்றிருக்கும் வரிகளைப் பாருங்கள். எந்த ஃபைல் கிடைக்கவில்லை என்று பெயரோடு இருக்கும். அநேகமாக அது நீங்கள் பெயர் மாற்றிவிட்டு மறந்த டெக்ஸ்சராக இருக்கும்.