சித்திரையில் விரியும் விரிசல் – மேஸ்திரி பதில்கள்

(சாத்தூர் பக்கம் கொத்தனாராகத் தொடங்கி, இப்போது வீடு கட்டிக் கொடுக்கும் மேஸ்திரி வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

அண்ணாச்சி, எங்கள் வீட்டுக்கு மூன்றடி ஆழத்தில் கருங்கல் அஸ்திவாரம், செங்கல் சுவர், கான்கிரீட் தளம். கட்டி நாலு வருஷம் ஆகிறது. படுக்கையறை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். கோடையில் ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற அளவு விரிகிறது. மழைக்காலத்தில் தானாகச் சேர்ந்துகொள்கிறது, ஆனால் கதவு இறுகிவிடுகிறது. கொத்தனார் வருஷா வருஷம் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுப் போகிறார். பக்கத்தில் ஒரு அறை கூடுதலாக எடுக்கவும் ஆசை. என்ன செய்யலாம்?
– வாசகி, எட்டயபுரம் வட்டம்

முதலில் கொத்தனாரை நிறுத்துங்கள். விரிசல் முழுசாக விரிந்து கிடக்கிற சித்திரையில் சிமென்ட் கலவையைத் திணித்தால், ஐப்பசி மழைக்கு மண் உப்பிச் சுவர் பழைய இடத்துக்குத் திரும்பும்போது விரிசல் மூட இடம் இருக்காது. பக்கத்தில் புதிதாக ஒன்று விடும். வருஷா வருஷம் காசு கொடுத்து நீங்கள் விரிசல் வளர்க்கிறீர்கள்.

உங்களுடையது கரிசல். தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் உங்கள் ஊர்க் காட்டில் கை நுழைகிற அளவு வெடிப்பு இருக்குமே, அதே மண்தான் அஸ்திவாரத்துக்கு அடியிலும் இருக்கிறது. வீட்டின் நடுவில் தரைக்குக் கீழே உள்ள மண்ணில் வெயிலும் படாது, மழையும் படாது. அங்கே ஈரம் பெரிதாக மாறாது. வெளிச்சுவருக்கு அடியில் இருப்பதுதான் காய்ந்து சுருங்குகிறது. மூலை இறங்கும், நடு நிற்கும், சுவர் சாய்வாகக் கிழியும். ஜன்னல் மூலை சுவரில் பலம் குறைந்த இடம், அதனால் அங்கேயிருந்து தொடங்குகிறது. கட்டுமானத்தில் திருட்டு நடந்துவிட்டதோ என்று யாரையும் சந்தேகப்பட வேண்டாம். நல்ல கல், நல்ல சிமென்ட் போட்ட வீடும் மூன்றடி ஆழத்தில் நின்றால் கரிசலில் இப்படித்தான் ஆடும்.

இருக்கிற வீட்டுக்குச் செய்ய வேண்டியது, வெளிச்சுவருக்கு அடியில் ஈரம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வது. வீட்டைச் சுற்றி நாலடி அகலத்துக்குத் தளம் போட்டு, வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள். மொட்டை மாடித் தண்ணீர் விழுகிற குழாயைச் சுவரடியில் விடாமல் தள்ளிக் கொண்டுபோங்கள். குளியலறைத் தண்ணீரை வாழைக்குப் பாய்ச்சுகிறோம் என்று சுவரை ஒட்டியே நாலு வாழை வைத்திருப்பார்கள். இருந்தால் இடம் மாற்றுங்கள். வேப்பமரம் பக்கத்தில் நிற்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நின்றால் கோடையில் அது மண்ணை உறிஞ்சிக் காயப்போடும். அதற்காகப் பெரிய மரத்தை ஒரே நாளில் வெட்டிச் சாய்க்கவும் கூடாது. உறிஞ்சுவது நின்று மண் மறுபடி ஈரமாகி மேலே தூக்கும், அது வேறு விரிசல்.

அப்புறம், விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு முனையிலும் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். சுற்றுத்தளம் போட்ட பிறகு ஒரு கோடையும் ஒரு மழையும் உடையாமல் இருந்தால், வளைந்துகொடுக்கிற சீலண்ட் வைத்து அடைத்துப் பூசலாம்.

புது அறைக்கு வருவோம். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு முன் மண்ணைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். சலித்துக் காயவைத்த மண் பத்துப் பத்து கிராம் எடுத்து, ஒரு அளவுக் குடுவையில் தண்ணீரிலும் இன்னொன்றில் மண்ணெண்ணெயிலும் போட்டு ஒரு நாள் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் 10 அளவு நின்று, தண்ணீரில் 15 நின்றால் உப்பல் 50 சதவீதம். அதைத் தாண்டினால் சாதாரண அஸ்திவாரத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

கரிசலுக்கு நான் போடுவது அண்டர் ரீம் பைல். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த முறை. ஒரு அடி விட்டத்தில் குழி துளைத்து, அடியில் மட்டும் இரண்டரை மடங்கு அகலமாகக் குடைந்து, கம்பி இறக்கி கான்கிரீட் போடுவோம். ஆழம் குறைந்தது மூன்றரை மீட்டர், அதாவது பதினொன்றரை அடி. அதற்குக் கீழே கரிசலில் கோடை, மழை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மேல் மண் உப்பித் தூக்கப் பார்த்தாலும் அடியிலுள்ள குமிழ் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பைல்களை மேலே பீம் போட்டு இணைத்து அதன்மேல் சுவர் எடுக்க வேண்டும்.

நிறையப் பேர் சொதப்புவது இந்த பீமில்தான். பீமுக்கும் தரைக்கும் நடுவே மூன்று அங்குலமாவது காலியாக விட வேண்டும், மண் உப்ப அங்கே இடம் வேண்டும். நாம் விட்டுவிட்டு வந்தால், எலி போகும் என்று சித்தாளை வைத்து மண்ணைக் குத்தி அடைத்துவிடுவார்கள். பைலுக்குச் செலவு செய்ததெல்லாம் வீண். எலிக்குப் பயந்தால் வெளிப்பக்கம் மட்டும் மெல்லிய பலகைக்கல்லைச் சாய்த்து வையுங்கள்.

ஒன்று மறந்துவிடாதீர்கள்: புது அறைச் சுவரைப் பழைய சுவரோடு பல் விட்டுக் கட்டாதீர்கள். இரண்டும் இரண்டு விதமாக அசையும். நடுவே ஓர் அங்குலம் இடைவெளி விட்டுத் தனியாக நிறுத்துங்கள்.

ஐயா, கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. பன்னிரண்டு வருஷத்தில் சன்ஷேடு எல்லாம் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. பூசினால் போதுமா? மாடி எடுக்கப்போகிறோம், எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு. அதில் கான்கிரீட் போடலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பூசினால் போதாது. கம்பி துருப்பிடித்தால் முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதுதான் கான்கிரீட்டை உள்ளிருந்து நெம்பித் தள்ளுகிறது. மேலே பூசினால் இரண்டு மழைக்குள் பூச்சோடு சேர்ந்து விழும், யார் தலையில் என்பதுதான் கேள்வி. தட்டிப் பாருங்கள், பொத்துப் பொத்தென்று சத்தம் வருகிற இடம் எல்லாவற்றையும் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு அடித்து, பாலிமர் கலவை வைத்துக் கட்ட வேண்டும். கம்பி கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். பெரும்பாலான கம்பிகள் அப்படி என்றால் உடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே மலிவு.

சன்ஷேடில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டுகிற நேரத்தில் ஆட்கள் அதன்மேல் ஏறி மிதித்து அடியில் அமுக்கிவிடுவார்கள். புதிதாகப் போடும்போது நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்.

உவர்ப்புத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் தொடாதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456. தாண்டினால் லாரித் தண்ணீர்தான். கடற்கரைக்கு எம்30 கான்கிரீட் (30 என்பது அதன் வலுவைச் சொல்கிற எண்), கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடுகிற கான்கிரீட் கனம் என்றும் அதே தரநிலை சொல்கிறது. ஒரு மூட்டை சிமென்டுக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 22 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. கலவை கெட்டியாக இருக்கிறது என்று ஆட்கள் முணுமுணுப்பார்கள். வைப்ரேட்டர் கொடுங்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். கிடைத்தால் ஸ்லாக் சிமென்ட் (இரும்பு ஆலைக் கசடு கலந்தது) வாங்குங்கள். உப்பை உள்ளே விடாமல் தடுப்பதில் கெட்டிக்காரன்.

உங்கள் கரையிலேயே வடக்கே போனால் தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. செங்கலும் சுண்ணாம்பும், துருப்பிடிக்க உள்ளே கம்பி இல்லை. பழுதுபார்த்துப் பழுதுபார்த்துத்தான் நிற்கிறது என்றாலும், நம் சன்ஷேடு பன்னிரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மே மாதம் தளம் போட்டோம். சாயங்காலமே தலைமுடி போல விரிசல். மூன்று நாள் தண்ணீர் விட்டால் போதும் என்கிறார் மேஸ்திரி. சரியா?
– வாசகர், வேலூர்

சரியில்லை. ஐ.எஸ். 456 படி சூடான, காய்ந்த பருவத்தில் பத்து நாளுக்குக் குறையக் கூடாது. நீங்கள் பி.பி.சி. சிமென்ட் (நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்தது) போட்டிருப்பீர்கள், அதற்குப் பதினாலு நாள் நல்லது. பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குங்கள்.

முதல் நாள் விரிசல், மேல்பரப்புத் தண்ணீரை வெயிலும் காற்றும் இறுகுவதற்கு முன்பே குடித்ததால் வந்தது. ஆழமில்லாமல் இருந்தால் தளத்துக்கு ஆபத்து குறைவு. சிமென்ட் பால் தேய்த்து அடைத்துவிட்டு, ஒழுகுகிறதா என்று பாருங்கள். இன்னொரு தளம் போடும்போது விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள். மட்டம் தட்டியதும் ஈரச் சாக்கோ பிளாஸ்டிக் தாளோ போட்டு மூடுங்கள்.

தளத்துக்குப் பாத்தி கட்டுகிறவர்கள் தூண்களை மறந்துவிடுகிறார்கள். காலையில் ஒரு வாளி வீசியடித்தால் வேலூர் வெயிலில் பத்து மணிக்குக் காய்ந்துவிடும். தூணைச் சாக்குச் சுற்றிக் கட்டி நனைத்துக்கொண்டே இருங்கள்.

என் மைத்துனர் செம்மண் பூமியில் நாலடி அஸ்திவாரத்தில் மாடி வீடு கட்டி நன்றாக இருக்கிறது. நானும் அதே பிளானில் கட்டலாமா?
– வாசகர், விளாத்திகுளம்

பிளானை வாங்கிக்கொள்ளுங்கள், அஸ்திவாரத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். உங்கள் பக்கமும் கரிசல், முதல் கேள்விக்கான பதில் உங்களுக்கும்தான்.