அட்டையை எந்த நாளில் பிரிப்பது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கருத்தடை மாத்திரையை எந்த நாளில் தொடங்குவது என்பதைச் சுற்றியே இருந்தன. கிளினிக்கிலும் இதே கதைதான். எனவே இந்த முறை மற்றதை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் பார்ப்போம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலா-என் கொடுத்த நர்ஸ் ஐந்தாம் நாள் தொடங்கச் சொன்னார். மருந்துக் கடைக்காரர் முதல் நாளே என்கிறார். தோழியோ மூன்றாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, தேனி)

மூன்று பேர் சொன்னதும் சரிதான். ரத்தப்போக்கு தொடங்கிய நாளை முதல் நாளாக எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்குள் எப்போது தொடங்கினாலும் முதல் மாத்திரையிலிருந்தே பாதுகாப்பு உண்டு. ஆணுறை தேவையில்லை.

ஐந்து நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? மாதவிலக்கு வரும் நாட்களில் சினைப்பையில் பல சிறு முட்டைப்பைகள் ஒன்றாக வளரத் தொடங்குகின்றன. கொஞ்ச நாளில் அதில் ஒன்று மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு போகும். அதிலிருந்துதான் முட்டை வெளியேறும். அந்த ஒன்று முந்துவதற்கு முன்பே மாத்திரை உள்ளே போய்விட்டால் அந்த மாதம் முட்டை வெளிவராது. தாமதமாக ஆரம்பித்தால் அதை அடக்க மாத்திரைக்கு ஏழு நாள் தேவைப்படுகிறது.

என்னைக் கேட்டால் முதல் நாளே நல்லது என்பேன். மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. எண்ண வேண்டிய வேலை மிச்சம், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் என்று காத்திருப்பவர்களில் பலர் ஏழாம் நாள்தான் நினைத்துக்கொள்கிறார்கள். இரவு 11 மணிக்கு வந்தாலும் அன்றுதான் முதல் நாள். முந்தின நாள் லேசாகக் கறை பட்டது கணக்கில் சேராது.

அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். வெள்ளை நிறத்தில் உள்ள 21-தான் கருத்தடை மருந்து, பழுப்பு நிறத்தில் உள்ள 7 வெறும் இரும்புச் சத்து. ஒரு பெண் அட்டையைத் தலைகீழாகப் பிடித்து, பழுப்பிலிருந்தே ஆரம்பித்திருந்தார். "ஒரு வாரமா ஒழுங்கா சாப்பிடறேன் டாக்டர்" என்று கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். வெள்ளை 21-உம் அப்படியே இருந்தன. அம்புக்குறியைப் பார்த்து, வெள்ளையில் தொடங்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டலும் குறைவாக இருக்கும்.

எனக்கு இது மாதவிலக்கின் 12-ம் நாள். இனி அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமைதான் தொடங்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். (வாசகி, திருப்பூர்)

ஞாயிறு கணக்கு அமெரிக்காவில் இருக்கும் பழக்கம். வார இறுதியில் ரத்தப்போக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. கிழமைக்கும் மாத்திரைக்கும் வேறு சம்பந்தம் கிடையாது.

காத்திருக்கவும் வேண்டாம். "அடுத்த மாதம் பார்த்துக்கலாம்" என்று இருப்பவர்களில் சிலருக்கு அந்த அடுத்த மாதவிலக்கு வராமலே போய்விடுகிறது. கர்ப்பம் இல்லை என்பது உறுதியாகத் தெரிந்தால் இன்றே தொடங்கலாம். ஏழு நாளைக்கு மட்டும் ஆணுறை வேண்டும். கடைசி மாதவிலக்குக்குப் பிறகு பாதுகாப்பில்லாமல் சேர்ந்திருந்தால், சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட்டுத் தொடங்குங்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை பரிசோதியுங்கள், ஏனென்றால் கரு தங்கிய முதல் சில நாட்களில் பரிசோதனையில் தெரியாது. கர்ப்பம் என்று தெரியாமல் சில நாள் போட்டிருந்தால்கூட, இந்த மாத்திரையால் குழந்தைக்குக் குறை வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அட்டையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், போதும்.

கணவர் துபாயில் இருக்கிறார். அடுத்த மாதம் 22-ம் தேதி 45 நாள் லீவில் வருகிறார். எனக்கு மாதவிலக்கு 28-ம் தேதியை ஒட்டி வரும். அவர் வந்த அன்று தொடங்கினால் போதுமா? அவர் இருக்கும் நாட்களில் மட்டும் போட்டால் சரியா? (வாசகி, ராமநாதபுரம்)

போதாது. வந்த அன்று தொடங்கினால் முதல் ஏழு நாள் பாதுகாப்பு இருக்காது. அந்த ஏழு நாள் எப்படிப்பட்ட நாட்கள் என்று நான் சொல்லவா வேண்டும்!

ஒரு காலண்டரை எடுங்கள். இந்த மாதம் 28-ம் தேதி மாதவிலக்கு வந்ததும் தொடங்குகிறீர்கள். மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக்கொண்டால், அடுத்த மாதம் 18-ம் தேதி வெள்ளை மாத்திரை முடியும். 19-ம் தேதி பழுப்பு ஆரம்பம். அது ஆரம்பித்து இரண்டு, மூன்று நாளில் ரத்தப்போக்கு வரும். அதாவது 21 அல்லது 22-ம் தேதி, அவர் விமானத்தை விட்டு இறங்கும் நேரத்தில்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. 18-ம் தேதி வெள்ளை முடிந்ததும் பழுப்பை விட்டுவிடுங்கள். 19-ம் தேதியே இரண்டாவது அட்டையின் வெள்ளையைத் தொடங்குங்கள். ரத்தப்போக்கு தள்ளிப்போகும், பாதுகாப்பும் தொடரும். இடையில் லேசாகக் கறை படலாம், பயப்பட வேண்டாம். 45 நாளுக்கு மூன்றாவது அட்டையும் தேவைப்படும், மூன்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கிளம்பிய மறுநாளே நிறுத்தாதீர்கள். விந்தணு உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். கையில் இருக்கும் அட்டையை முடித்துவிட்டு நிறுத்துங்கள். அப்புறம், இந்த மாத்திரையைச் "சேர்ந்திருந்த இரவில் மட்டும்" போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் பலனே இல்லை.

குழந்தைக்கு மூன்று மாதம். தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறேன். இன்னும் தலைக்கு ஊற்றவில்லை. மாதவிலக்கு வந்த பிறகு மாத்திரை தொடங்கலாமா? (வாசகி, கடலூர்)

மாலா-என், மாலா-டி போன்றவற்றில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. அது பால் சுரப்பைக் குறைக்கலாம் என்பதால், பால் கொடுப்பவர்களுக்குக் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை கொடுப்பதில்லை.

பகலும் இரவும் தாய்ப்பால் மட்டுமே, மாதவிலக்கு திரும்பவில்லை, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை என்ற மூன்றும் சேர்ந்திருக்கும்வரை உங்களுக்கு ஓரளவு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. ஒன்று மாறினாலும் போச்சு. மாதவிலக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு முதல் மாதவிலக்குக்கு முன்பே முட்டை வெளிவந்துவிடலாம். மாதவிலக்கையே பார்க்காமல் அடுத்த குழந்தை உண்டானவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையும் காப்பர்-டியும் உங்களுக்குப் பொருந்தும்.

சாயா என்பது வாரத்துக்கு ஒன்றா, இரண்டா? எப்போது தொடங்குவது? (வாசகி, தர்மபுரி)

முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. இதில் ஹார்மோன் கிடையாது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த மருந்து இது. 1991-ல் சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்தது.

மாதவிலக்கு வருகிறவர்கள் இதை அதன் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். அது ஞாயிறு என்றால் ஞாயிறும் புதனும் உங்கள் நாட்கள், திங்கள் என்றால் திங்களும் வியாழனும். மூன்று மாதம் கழித்து, தொடங்கிய கிழமையில் மட்டும். ஆரம்பத்தில் மாதவிலக்கு தள்ளிப்போவது சகஜம். 15 நாளுக்கு மேல் தள்ளினால் பரிசோதனை செய்யுங்கள்.

எமர்ஜென்சி மாத்திரை போட்டேன். வழக்கமான மாத்திரையை எப்போது தொடங்குவது? (வாசகி, சென்னை)

கடையில் பரவலாகக் கிடைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்றால், அன்றே அல்லது மறுநாள். ஏழு நாள் ஆணுறை. மூன்று வாரம் கழித்து ஒரு பரிசோதனை. எமர்ஜென்சி மாத்திரை நடந்து முடிந்ததற்குத்தான் உதவும், அன்றிரவுக்கு உதவாது.

கல்யாண வீட்டுக்குப் போனபோது அட்டையை மறந்துவிட்டேன். இரண்டு நாள் விட்டுப்போச்சு. முதலிலிருந்து தொடங்கவா? (வாசகி, கும்பகோணம்)

வேண்டாம். ஞாபகம் வந்ததும் ஒன்றைப் போட்டுவிட்டு, மீதியை வழக்கமான நேரத்தில் தொடருங்கள். ஒரே நாளில் இரண்டு போடும்படி ஆனாலும் பரவாயில்லை. ஏழு நாள் ஆணுறை. மூன்றாவது வாரத்தில் விட்டுப்போயிருந்தால், வெள்ளை முடிந்ததும் பழுப்பைத் தவிர்த்து அடுத்த அட்டைக்குப் போங்கள். முதல் வாரத்தில் விட்டுப்போய், அந்த நாட்களில் சேர்ந்தும் இருந்தால் எமர்ஜென்சி மாத்திரை பற்றி உடனே கேளுங்கள். பழுப்பு விட்டுப்போனால் கவலையே இல்லை.

ஆடியில் குலதெய்வக் கோயிலுக்குப் போக மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கினேன். அதுவும் கருத்தடைதானே? (வாசகி, விருதுநகர்)

இல்லை. அதற்குப் பெரும்பாலும் கொடுப்பது நோரெதிஸ்டெரோன், மாதவிலக்கு வரும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்குவது. அதைக் கருத்தடையாக நம்பாதீர்கள். மாதவிலக்கு நாளில் கோயிலுக்குப் போகலாமா என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை இங்கே கேட்காதீர்கள்.

மனைவிக்கு 37 வயது. ஒற்றைத் தலைவலி உண்டு. கடையில் நானே மாலா-டி வாங்கிக் கொடுக்கலாமா? இரண்டு குழந்தைகள் போதும் என்று முடிவு செய்துவிட்டோம். (வாசகர், ஈரோடு)

வாங்காதீர்கள். 35 வயதைத் தாண்டியவருக்கு ஒற்றைத் தலைவலி இருந்தால் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையைத் தொடங்குவதில்லை, பக்கவாத ஆபத்து கூடும். தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரிகிறது என்றால் எந்த வயதிலும் கூடாது. ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டவர்களும், காலில் ரத்தம் உறைந்த சரித்திரம் உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

காப்பர்-டி 380ஏ பத்து வருடம் வேலை செய்யும். குழந்தைகள் போதும் என்று முடிவே செய்துவிட்டதால், உங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: தழும்பில்லா வாசக்டமி. மரத்துப்போக ஊசி போட்டு, சில நிமிடங்களில் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். மூன்று மாதம் ஆணுறை போட்டுக்கொண்டு, விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று வந்த பிறகு அதையும் விட்டுவிடலாம்.