தோப்பு வௌவாலும் மேகமலை வௌவாலும்

கேள்வி: பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைத் தாங்கிய வௌவாலுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பாம். படத்தில் பார்த்தால் எங்கள் கொய்யாத் தோப்பை நாசம் செய்கிற வௌவால் மாதிரியேதான் இருக்கிறது. ஒரே சாதியை இரண்டாகப் பிரித்து விவசாயி வயிற்றில் அடிக்கலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: உங்கள் நஷ்டம் உண்மை. 'ஒரே சாதி' என்பது உண்மையல்ல.

1948-இல் மேகமலையில் (அன்று அது மதுரை மாவட்டம்) தோட்டத்துரை ஆங்கஸ் ஹட்டன் ஒரு வௌவாலைப் பிடித்தார். அதைக் குட்டைமூக்கு வௌவால், அதாவது உங்கள் தோப்பு வௌவால் என்றே குறித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகச் சேகரிப்பில் வைத்துவிட்டார்கள். 24 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1972-இல் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, இது வேறு இனம் மட்டுமல்ல, வேறு பேரினமே (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கிற பெரிய பிரிவு) என்று அறிவித்தார். நீங்கள் சொல்கிற சாலிம் அலி வௌவால் இதுதான். தோப்பு வௌவாலுக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு ஜோடி வெட்டுப்பற்கள். இதற்கு ஒவ்வொரு ஜோடிதான். அதற்குச் சின்ன வால் உண்டு, இதற்கு வெளியே தெரிகிற வாலே கிடையாது. படத்தில் பல் தெரியாது ஐயா.

இருக்கிற இடமும் வேறு. தோப்பு வௌவால் பனையோலை, நெட்டிலிங்கம் என்று கிடைத்த மரத்தில் தொங்கும். ஆண் வௌவால் கொடியைக் கடித்துக் கூடாரமே அமைக்கும். தென்னிந்தியாவில் வருஷத்துக்கு இரண்டு முறை குட்டி போடும். மேகமலை வௌவாலுக்கு மலைக்காடும் குகையும் வேண்டும். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. வௌவால் கறி மருந்து என்று நம்பி யாராவது ஒரு குகைக்குள் வலையோடு புகுந்தால் ஒரே இரவில் அங்குள்ள கூட்டமே காலி. மிக அதிகப் பாதுகாப்புத் தருகிற வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் அதை வைத்தது இந்தக் காரணத்துக்காகத்தான்; உங்களுக்கு எதிராக அல்ல.

தோப்பு வௌவாலையும் லேசாக எண்ணாதீர்கள். 2022 திருத்தத்துக்கு முன்பு சட்டமே அதை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர் என்றது. எனக்கு அது கடைசிவரை உடன்பாடில்லை. நம் பக்கத்து இலுப்பை விதைகளைத் தாய்மரத்தை விட்டுத் தூரம் கொண்டுபோய்ப் போடுவது யார்? இந்த வௌவால்தானே!

கொய்யாவைக் காப்பாற்ற வழி இருக்கிறது. காய் முற்றத் தொடங்கும்போதே உறை போட்டுக் கட்டுங்கள், பழ ஈயும் அண்டாது. மரத்துக்கு மரம் நரம்பு வலை மட்டும் விரிக்காதீர்கள். அதில் ஆந்தையும் சிக்கிச் சாகிறது, உங்கள் வயல் எலியைப் பிடிக்கிற அதே ஆந்தை.