சுவரில் உப்புப் பூக்கிறது: மறுபடி பெயிண்ட் அடிக்காதீர்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில், கீழே கடையும் மேலே வீடுமாக உள்ள பழைய கடைவீட்டில் கீழ்ச்சுவர் இடுப்பளவு ஊறிப்போய் வெள்ளையாக உப்புப் பூக்கிறது, மூன்று தடவை பெயிண்ட் அடித்தும் உரிந்து வருகிறது என்கிறீர்கள். சகோ, நாலாவது டின்னை வாங்காதீர்கள்.

அந்தக் காலத்துச் செங்கல் சுவர்கள் சுண்ணாம்புக் காரை பூசியவை, தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியே போய்விடும். பிற்காலத்தில் யாராவது மேலே சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே சிக்கி, இன்னும் மேலே ஏறும். என் ஜெலுத்தோங் வீட்டிலும் இதே கதைதான், வாட்டர்புரூஃப் பெயிண்ட் என்று நானும் காசைக் கரியாக்கினேன், ஆறு மாதத்தில் அப்பளம் மாதிரி உப்பியது.

முதலில் ஓர் அடி சதுரப் பிளாஸ்டிக்கை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. குழாய்க் கசிவு, வெளியே கால்வாய் அடைப்பு இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கறைக்கு மேலே ஓர் அடி வரை சிமெண்டைக் கொத்தி எடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால்தான் தட்ட வேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். சுவர் காய மாதக்கணக்கில் ஆகலாம், பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையில் தொடங்காதீர்கள், ஜனவரி நல்லது. காய்ந்ததும் ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் கலந்து பூசி, மேலே பெயிண்டுக்குப் பதில் சுண்ணாம்பு அடித்தால் போதும்.

வீடு பாரம்பரியப் பகுதிக்குள் இருந்தால் கொத்துவதற்கு முன் மாநகர் மன்றத்தில் கேட்டுவிடுங்கள்.